வேலுக்கு யார் பணம் கொடுப்பது?

(பட்டிமன்றத் தலைப்பு: பிள்ளைகளின் போட்டிப் பயிற்சிகளுக்குப் பெற்றோர் செய்யும் செலவு வருங்கால முதலீடே! தாங்க முடியாத சுமையே! 'சுமையே' என்னும் அணியில் இரண்டாவதாக ஆற்றிய உரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, ஜெயித்துவிட்ட மாதிரியே உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு வந்து முன்வரிசையில் இடம் பிடித்திருக்கும் தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி 'முதலீடு' என்ற சொல்லைப் பதினாறு தடவை சொன்னார்கள். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். முதலீடு, முதலீடு, முதலீடு! கேட்கக் கேட்க எனக்கு, நாம் பட்டிமன்றத்துக்கு வந்திருக்கிறோமா, சீட்டுக் கம்பெனிக்கு வந்திருக்கிறோமா என்று சந்தேகமே வந்துவிட்டது. (சிரிப்பு)

முதலீடு என்றால் என்ன, நடுவர் அவர்களே? போட்ட பணம் லாபத்தோடு திரும்பி வரவேண்டும். வராவிட்டால் அதற்குப் பெயர் நஷ்டம். கடையில் போட்டு வரவில்லை என்றால் கடை நஷ்டம். நிலத்தில் போட்டு வரவில்லை என்றால் நிலம் நஷ்டம். பிள்ளை மேல் போட்டு வரவில்லை என்றால்? போட்டியில் தோற்றுவிட்டு வந்து வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டு நிற்கிறதே ஒரு குழந்தை, அதைப் பார்த்து என்ன சொல்வீர்கள்? 'வா நஷ்டமே' என்று கூப்பிடுவீர்களா? சகோதரி இதற்குப் பதில் சொல்லவேண்டும். அவர்களுக்கு நேரம் முடிந்துவிட்டது என்றால் அவர்கள் அணியில் அடுத்து வருகிறவர் சொல்லட்டும்.

சரி, செலவுக்கு வருகிறேன். என் மகள் ஷட்டில் ஆடினாள். 'ஆடினாள்' என்று இறந்த காலத்தில் சொல்கிறேன். தமிழ் வாத்தியார் காலத்தில் தப்புவிட மாட்டான். அந்தக் கதை பிறகு.

நாங்கள் சின்ன வயதில் ஆடியது பூப்பந்து. மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர். ஒரு பந்து வாங்கினால் தெருவே ஒரு மாதம் ஆடும். பிய்ந்து போனால் அக்கா ஊசியும் நூலும் எடுத்துத் தைத்துக் கொடுத்துவிடுவாள். செலவு அதோடு சரி. இந்த ஷட்டில்காக் இருக்கிறதே, அதில் எண்ணிப் பதினாறு இறகு. வாத்து இறகு. போட்டிக்குப் பயிற்சி எடுக்கிற பிள்ளை ஓங்கி நாலு அடி அடித்தால் ஓர் இறகு ஒடியும். ஓர் இறகு ஒடிந்தால் மீதிப் பதினைந்தும் தண்டம். காக் நேராகப் போகாது. ஒரு சாயங்காலத்துக்கு மூன்று, நான்கு குப்பைக்குப் போகும். ஒரு டப்பாவில் பத்து. என் வீட்டுக்காரம்மா ஒருநாள் டப்பாவில் விலையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "ஏங்க, முழு வாத்தே இவ்வளவு விலை இருக்காதேங்க?" (பலத்த சிரிப்பு)

அப்புறம் பேட். பேட்டுக்கு நரம்பு. அது அறுந்தால் மாற்ற வேண்டும். அப்புறம் ஷூ. பெண்பிள்ளைக்குப் பத்து வயதில் இருந்து பதினாலு வயது வரைக்கும் கால் வளர்கிற வேகம் இருக்கிறதே, ஆடிப்பட்டம் விதைத்த பீர்க்கங்கொடி தோற்றது. ஷூ தேய்வதற்கு முன்னால் கால் பெரிதாகிவிடும். அப்புறம் மாதக் கட்டணம். அப்புறம் ஊர் ஊராகப் போட்டி.

போட்டியில் ஒரு கொடுமை உண்டு. அனுபவித்த தகப்பன்மார் இந்தக் கூட்டத்தில் இருந்தால் தலையாட்டுங்கள். பிள்ளை முதல் சுற்றிலேயே தோற்றால் செலவு குறைவு. சாயங்காலப் பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பிவிடலாம். ஜெயித்தால்? லாட்ஜில் இன்னொரு நாள். அடுத்த சுற்றிலும் ஜெயித்தால் இன்னும் ஒரு நாள். கல்லூரிக்கு இன்னும் ஒரு லீவு லெட்டர். மகள் ஜெயித்ததற்குக் கை தட்டிக்கொண்டே, லாட்ஜ்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் கணக்குப் போட்ட தகப்பன் நான். பெற்ற பிள்ளை ஜெயிக்கும்போது முழுசாகச் சந்தோஷப்படக்கூட முடியாமல் பண்ணுகிற ஒரு பொருளுக்கு நீங்கள் முதலீடு என்று பெயர் வைக்கிறீர்கள். நாங்கள் சுமை என்கிறோம். (கைதட்டல்)

விளையாட்டு மட்டும்தானா? நாட்டியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை. மாதவி ஐந்து வயதில் ஆடத் தொடங்கி, ஏழு ஆண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். பார்த்தது சோழ மன்னன். தலைக்கோலி என்ற பட்டமும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பரிசு. கவனியுங்கள், பொன் கொடுத்தது அரசன். இன்றைக்கு ஒரு பிள்ளைக்கு அரங்கேற்றம் என்றால் பொன் கொடுப்பது யார்? அப்பா! குருதட்சணை, பாட்டுக்கு ஒருவர், மிருதங்கம், வயலின், புல்லாங்குழல், பட்டுப்புடவையை வெட்டித் தைத்த உடை நான்கு, கோயில் நகை, ஒப்பனை, சபா வாடகை, வீடியோ, வந்தவர்களுக்கெல்லாம் வாழையிலைச் சாப்பாடு. என் நண்பர் ஒருவர் மகளுக்கு அரங்கேற்றம் முடித்துவிட்டு என்னிடம் சொன்னார், "ஐயா, ஒரு கல்யாணத்தையே நடத்திட்டேன். மாப்பிள்ளை ஒருத்தன்தான் பாக்கி." (சிரிப்பு) அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டு, கூட்டுறவு வங்கியில் தனிநபர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட முடியுமா என்று என்னைக் கேட்டார்.

இப்போது எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். சகோதரி குகேஷ் பெயரைச் சொன்னவுடன் இந்த அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், பதினெட்டு வயதில் உலக சாம்பியன். நம்ம சென்னைப் பிள்ளை. யார் தட்டமாட்டார்கள்? ஆனால் சகோதரி கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கதையை மூடிவிட்டார்கள். முன் பக்கங்களைப் புரட்டுவோம்.

அவருடைய தந்தை காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தன் தொழிலையே நிறுத்தினார். தாயார் நுண்ணுயிரியல் படித்தவர்; அவர் சம்பளத்தில் வீடு ஓடியது. 2017, 2018-ல் பணத்துக்குத் தடுமாறி, பெற்றோரின் நண்பர்கள் உதவித்தான் போட்டிகளுக்குப் போக முடிந்தது என்று அந்தப் பிள்ளையே சொல்லியிருக்கிறது. நடுவர் அவர்களே, டாக்டர் வீட்டு நிலைமை இது! அப்படியானால் தையல்காரர் வீட்டில்? ஆட்டோ ஓட்டுநர் வீட்டில்? என்னைப் போல் தமிழ் வாத்தியார் வீட்டில்?

சதுரங்கத்துக்கு என்னய்யா செலவு, பலகையும் காயும்தானே என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கிராண்ட்மாஸ்டர் பட்டம் வேண்டும் என்றால் மூன்று 'நார்ம்' எடுக்க வேண்டும். குறைந்தது இருபத்தேழு ஆட்டம். அந்த ஆட்டங்களில் எதிரே உட்காருகிறவர்களில் பட்டம் பெற்றவர்கள் இத்தனை பேர், வெளிநாட்டவர் இத்தனை பேர் இருக்கவேண்டும் என்று விதி. அதற்கு மேல் 2500 என்ற புள்ளியைத் தொட வேண்டும். அப்படிப்பட்ட ஆட்கள் கிடைக்கிற இடத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதனால்தான் கோடை விடுமுறையில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஐரோப்பாவில் ஊர் ஊராக அலைகிறார்கள். பத்து வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியுமா? கூட அம்மாவோ அப்பாவோ. டிக்கெட் இரண்டு. விசா இரண்டு. பலகையும் காயும் இருநூறு ரூபாய்தான். (சிரிப்பு)

பிரக்ஞானந்தாவின் தாயார் வெளிநாட்டில் கூட அடுப்பு எடுத்துப்போய் மகனுக்கு ரசம் சாதம் வைத்துக் கொடுத்ததை எல்லோரும் பத்திரிகையில் படித்தோம். 2023-ல் பாகு நகரத்தில் உலகக் கோப்பை நடந்தபோது, மகனைப் பார்த்தபடி ஓரமாக உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் படத்தைப் பார்த்துக் கண் கலங்காத தமிழன் உண்டா? எனக்கும் கலங்கியது. ஆனால் அந்தக் குடும்பத்தின் கதையில் இன்னொரு வரி இருக்கிறது. அவர் அக்கா வைஷாலியை முதலில் செஸ்ஸில் சேர்த்தார்கள். எதற்கு? டிவி பார்ப்பதைக் குறைக்க. (சிரிப்பு) தம்பியைச் சேர்க்க வேண்டாம் என்றுதான் முதலில் இருந்தார்கள். ஏன்? செலவுதான். போட்டிக்குப் போனால் ஆகிற செலவை அக்கா விஷயத்தில் பார்த்துவிட்டதால் தம்பியைச் சேர்க்கத் தயங்கினோம் என்று அவருடைய தந்தையே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்தத் தம்பி அக்கா ஆடுவதைப் பார்த்தே கற்றுக்கொண்டான். 2018-ல் பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனான். இறைவன் புண்ணியம். நான் கேட்பது, அக்காவுக்கு ஆகிற செலவால் ஓரங்கட்டப்பட்டு, பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாமல் போன தம்பிகள் எத்தனை பேர் என்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டிலேயே ஒருவன் இருக்கிறான்.

நடுவர் அவர்களே, நான் தமிழ் வாத்தியார். சங்க இலக்கியத்தைத் தொடாமல் இறங்கினால் என் மாணவர்கள் வீட்டுக்கு வந்து கேட்பார்கள். புறநானூற்றில் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பாட்டு. பொன்முடியார் பாடியது. ஒரு மறக்குடித் தாய் பேசுகிறாள். வேலையைப் பங்கு பிரித்துத் தருகிறாள். பெற்று வளர்த்துக் கொடுப்பது என் பொறுப்பு என்கிறாள். அவனைச் சான்றோன் ஆக்குவது தகப்பன் பொறுப்பு. வேலை வடித்துக் கொடுப்பது கொல்லன் பொறுப்பு. நல்வழிப்படுத்துவது வேந்தன் பொறுப்பு. களத்தில் யானையை வீழ்த்திவிட்டுத் திரும்புவது பையன் பொறுப்பு. இந்தப் பாட்டை முப்பது வருஷமாக வகுப்பில் நடத்துகிறேன். வீரத்தாய், வீரத்தாய் என்று சொல்லிச் சொல்லியே நடத்திவிட்டேன். மகள் ஷட்டில் ஆட ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பாட்டு எனக்குப் புரிந்தது. அந்தத் தாய் வேலுக்குப் பணம் கட்டவில்லை! (கைதட்டல்) கொல்லனுக்கு ஒரு பொறுப்பு, அரசனுக்கு ஒரு பொறுப்பு என்று ஊருக்கே பிரித்துக் கொடுத்திருக்கிறாள். இன்றைக்கு என்ன நடக்கிறது? பெறுவதும் அவள், வளர்ப்பதும் அவள், வேல் வாங்கித் தருவதும் அவள், பயிற்சிக்குக் கட்டணம் கட்டுவதும் அவள். பொன்முடியார் இந்தப் பொறுப்புகளுக்கெல்லாம் 'கடன்' என்றுதான் பெயர் சொன்னார். அங்கே கடன் என்றால் கடமை. இங்கே கடன் என்றால்... கடனேதான்! (பலத்த கைதட்டல், சிரிப்பு)

வேலுக்கு அம்மா பணம் கட்டிய கதை வேண்டுமா? பவானி தேவி. வாள்வீச்சில் இந்தியாவில் இருந்து ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் ஆள். 2021-ல் டோக்கியோவில் ஆடினார். வடசென்னைப் பெண். 2004-ல் பள்ளிக்கூடத்தில் மற்ற விளையாட்டுகளில் எல்லாம் இடம் நிரம்பிவிட்டதால் வாள்வீச்சில் சேர்ந்தார். வாள் வாங்க வசதியில்லாமல் மூங்கில் குச்சியை வைத்துப் பயிற்சி. உண்மையான வாள் விலை அதிகம், உடைந்தால் வேறு கிடைக்காது என்று போட்டிக்கு மட்டும் வெளியே எடுப்பார்கள். அவர் போட்டிகளுக்குப் போக அம்மா நகையை அடகு வைத்தார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இன்னொன்றை அவரே சொல்லியிருக்கிறார். இது செலவு பிடிக்கிற விளையாட்டு, உன் அப்பாவுக்கு ஆண்டு வருமானம் எவ்வளவு என்று சேரும்போது கேட்டார்களாம். அந்தக் குழந்தை வருமானத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டது. பதினோரு வயது இருக்குமா? பொய் சொன்னது. எங்கே தன்னைச் சேர்க்காமல் விட்டுவிடுவார்களோ என்று.

அவர் ஜெயித்துவிட்டார். அதனால் அந்தப் பொய்யை இன்று சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. நான் யோசிப்பது அந்தப் பதினோரு வயதைப் பற்றி. அப்பாவின் வருமானம் என்ன, இந்த விளையாட்டு எவ்வளவு விழுங்கும் என்று அந்த வயதிலேயே ஒரு குழந்தை மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறதே! சகோதரி, நீங்கள் சுமையைப் பெற்றோர் தோளில் மட்டும் பார்க்கிறீர்கள். தாங்க முடிகிறவர்கள் தாங்கட்டும் என்கிறீர்கள்.

அரசாங்கம் கொடுக்கிறதே என்பார்கள். கொடுக்கிறது, மறுக்கவில்லை. குகேஷ் ஜெயித்தவுடன் தமிழக அரசு ஐந்து கோடி அறிவித்தது. மகிழ்ச்சி. 2023-ல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை என்று தொடங்கி வீரர்களுக்கு உதவுகிறார்கள். நல்ல காரியம், வாழ்க. ஆனால் அந்தக் கதவைத் தட்டுவதற்கே பிள்ளை ஓர் உயரத்துக்கு வந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த உயரம் வரைக்கும் கொல்லனும் நாம்தான், வேந்தனும் நாம்தான்.

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். என் வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

என் மகள் 2007-ல் ஒன்பது வயதில் ஷட்டில் ஆட ஆரம்பித்தாள். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் சுயநிதிப் பிரிவில் நான் தமிழ் விரிவுரையாளர். பெயருக்கு முன்னால் முனைவர். சம்பளம் எட்டாயிரத்து ஐந்நூறு. (சிரிப்பு) பிள்ளை நன்றாக ஆடினாள். பயிற்சியாளர் நல்ல மனிதர். இரண்டு மாதம் கட்டணம் கட்டாவிட்டாலும் முகம் கோணமாட்டார். ஆனால் காக் சும்மா வருமா? நான் பட்டிமன்ற மேடை ஏறியதே அதற்குத்தான் ஐயா. எல்லோரும் தமிழ் வளர்க்க மேடை ஏறுவார்கள். நான் ஷட்டில்காக் வாங்க ஏறினேன். (பலத்த சிரிப்பு) கோயில் திருவிழாவில் இராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடியும். 'கண்ணகியா மாதவியா' என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே துண்டைப் போட்டுக்கொண்டு கடைசிப் பஸ்ஸில் வருவேன். இரண்டு டப்பா காக் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே தூங்குவேன்.

அந்தப் பாழாய்ப்போன ஒரு பழக்கம் எனக்கு. கணக்கு எழுதுவது. அரைக் குயர் நோட்டு ஒன்று போட்டேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. பேட் இவ்வளவு, நரம்பு இவ்வளவு, பஸ் இவ்வளவு, இட்லி இவ்வளவு. இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. வலது பக்கம் நிரம்பிக்கொண்டே போகும். இடது பக்கம் வெள்ளைத்தாள். என் வீட்டுக்காரம்மா சொன்னாள், "என்னங்க, சோறு போட்டதுக்குக் கணக்கு எழுதுவீங்களா? இதை மட்டும் எதுக்கு எழுதுறீங்க?" அவள் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போன அன்றைக்கும் அதையேதான் சொன்னாள். நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "நோட்டுல எழுதாதீங்க" என்றாள். நான் எழுதினேன்.

மகள் மாவட்டத்தில் ஜெயித்தாள். மாநிலப் போட்டியில் ஒரே ஒரு தடவை கால் இறுதி வரை போனாள். அதற்கு மேல் போகவில்லை. உழைப்பு குறைவா என்றால் இல்லை. அவளைவிட நன்றாக ஆடும் பிள்ளைகள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

2014. ஈரோட்டில் பதினேழு வயதுக்கு உட்பட்டோர் போட்டி. முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாள். திரும்பி வருகிறோம். நான், அவள், தம்பி. கரூரில் பஸ் நின்றது. டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, இன்னைக்கு ஆயிரத்து நானூத்தி இருபதாப்பா?"

"என்னதும்மா?"

"செலவு. பஸ்ஸு, என்ட்ரி பீஸு, காலையில டிபன், மத்தியானம் சாப்பாடு, ஆட்டோ. இந்த டீயைச் சேர்க்கலை."

வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். டீயைச் சேர்க்காமல் ஆயிரத்து நானூற்று இருபது. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆட்டத்தில் எத்தனை புள்ளியில் தோற்றாள் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. செலவு தெரிந்திருக்கிறது.

அன்றைக்கு இராத்திரி பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். "எப்ப இருந்தும்மா இந்த நோட்டைப் பார்க்கிற?"

"எட்டாவது படிக்கும்போது, அப்பா. எனக்கு அப்பவே போதும்னு தோணுச்சு. காலையில நாலரைக்கு எழுந்திரிக்கவே அழுகையா வரும். நிறுத்திடுறேன்னு சொல்லத்தான் உங்க மேஜைக்கு வந்தேன். நீங்க இல்லை. நோட்டு திறந்து கிடந்துச்சு. கூட்டல் போட்டு வெச்சிருந்தீங்க. மூணு லட்சத்துச் சொச்சம். அம்மா செயின் வேற எழுதியிருந்துச்சு. இனிமே எப்படி நிறுத்துறதுன்னு பேசாம போயிட்டேன்."

எட்டாம் வகுப்பு என்றால் 2011. அதற்குப் பிறகு மூன்று வருஷம். காலை நாலரை மணிக்கு எழுந்து மூன்று வருஷம். அந்தப் பிள்ளை வலைக்கு அந்தப் பக்கம் நின்றவளோடு ஆடவில்லை, நடுவர் அவர்களே. என் கூட்டல் தொகையோடு ஆடிக்கொண்டிருந்தாள்.

(அரங்கில் அமைதி)

யார் மேல் தப்பு? நான் ஒருநாளும் அவளைத் திட்டியதில்லை. உனக்கு இவ்வளவு செலவு பண்ணுகிறேனே என்று ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொன்னதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். எழுதத்தான் செய்தேன். எழுதினால் போதாதா?

தம்பியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அவன் அவளுக்கு நாலு வயது இளையவன். அக்கா போட்டிக்கு அவனும் வருவான். வீட்டில் தனியாக விடமுடியாதே. காலரியில் உட்கார்ந்து அக்காவின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருப்பான். நன்றாகப் படம் வரைவான். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எல்லாம் வரைந்து வைத்திருப்பான். ஓவிய வகுப்பில் சேர்த்துவிடுங்கப்பா என்று கேட்டான். மாதம் முந்நூறு ரூபாய். "அக்காவுக்கு இந்த டோர்னமென்ட் முடியட்டும்டா" என்றேன். டோர்னமென்ட் முடியும்; அடுத்த டோர்னமென்ட் வரும். அவனும் கேட்பதை நிறுத்திவிட்டான். அன்றைக்கு இராத்திரி அந்த நோட்டை முதலில் இருந்து புரட்டினேன். ஏழு வருஷக் கணக்கு. ஐந்து லட்சத்து எழுபதாயிரத்துச் சொச்சம். அதில் அவன் பெயர் ஒரே ஓர் இடத்தில் இருந்தது. 'தம்பிக்கு பஜ்ஜி, 6 ரூபாய்.'

நாளைக்கே நிறுத்திவிடலாம் என்றேன். நிறுத்தினாள். மறுநாள் காலை எட்டு மணி வரைக்கும் தூங்கினாள். அவள் அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

பிள்ளைகள் விளையாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதிரணியில் அடுத்து வருகிறவர் அப்படித் திரித்துப் பேசுவார். அதற்காக இப்போதே சொல்லி வைக்கிறேன். (சிரிப்பு) ஆடட்டும், ஓடட்டும், பாடட்டும். சகோதரி சொன்ன உடல்நலம், ஒழுக்கம், தோல்வியைத் தாங்கும் மனம், எல்லாம் உண்மை. என் மகளுக்கும் அதெல்லாம் கிடைத்தது. ஆனால் இன்றைய தலைப்பு விளையாட்டு நல்லதா கெட்டதா என்பது அல்ல. செலவு முதலீடா சுமையா என்பதுதான். முதலீடு என்கிற சகோதரிக்கு, திரும்பி வந்த லாபத்தையும் சொல்லிவிடுகிறேன். மறைக்கக் கூடாது.

மகள் பி.காம். படித்தாள். 2019-ல் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. முதல் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை வந்தாள். அம்மாவுக்குப் புடவை, தம்பிக்கு ஒரு பெரிய பெட்டி நிறைய வர்ணங்கள், எனக்கு வேட்டி. சாப்பிட்டுவிட்டு என் மேஜையில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். அவள் ஊருக்குப் போன பிறகு பார்க்கிறேன். அந்தப் பழைய நோட்டு பரணில் இருந்து இறங்கி என் மேஜையில் இருக்கிறது. உள்ளே ஒரு கவர். முதல் பக்கத்தைத் திறந்தால், ஏழு வருஷமாக வெள்ளையாகக் கிடந்த இடது பக்கத்தில், வரவு என்கிற இடத்தில், அவள் கையெழுத்தில் ஐயாயிரம் ரூபாய் என்று தேதி போட்டு எழுதியிருக்கிறாள்.

போன் பண்ணிச் சத்தம் போட்டேன். சிரிக்கிறாள். "விளையாட்டுக்குத்தான்பா எழுதினேன்" என்கிறாள். அடுத்த மாதமும் வந்தாள், எழுதினாள். நோட்டைக் கொடும்மா, கிழித்துப் போடுகிறேன் என்றேன். தரமாட்டேன் என்று கோயம்புத்தூருக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது பணத்தை வங்கியில் என் கணக்கில் போட்டுவிடுகிறாள். அவள் அம்மாவின் சங்கிலியை 2021-ல் அவள்தான் மீட்டுக் கொடுத்தாள். அதையும் நோட்டில் எழுதியிருக்கிறாளாம்.

போன வாரம் பொங்கல் துணி எடுக்க வந்தபோது கேட்டேன், "இன்னும் எவ்வளவும்மா பாக்கி?"

கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள். ரூபாய், காசு வரைக்கும்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே.